முதுகு சாய்க்க ஓர் இடம்

என் தம்பி வீட்டில் விருந்தாளிகள் யாரும் முதுகைச் சாய்த்து உட்கார்வதில்லை. சோபாவின் முன்விளிம்பில் உட்கார்ந்து, காபி டம்ளரைக் கையில் பிடித்தபடியே குடித்து முடித்து, "சரி, அப்போ கிளம்புறோம்" என்று எழுந்துவிடுவார்கள். தம்பியும் அவன் மனைவியும் மனிதர்களை விரும்புகிறவர்கள். லிஃப்ட் வரை வந்து கூப்பிடுவார்கள், சாப்பிடாமல் யாரையும் அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. வீட்டையும் குறை சொல்ல முடியாது. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கம் எட்டாவது மாடி, நல்ல காற்று. கூடத்துக்கு ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், முகம் தெரியும் அளவுக்குப் பளபளக்கும் வெள்ளை டைல்ஸ், டிவிக்குப் பின்னால் வரிவரியாகப் பலகை அடித்த சுவர். இன்டீரியர் வேலைக்கு வந்தவர்கள் சுத்தமாகவே செய்து கொடுத்திருந்தார்கள். அப்படியும் அந்தக் கூடத்தில் ஏதோ ஒன்று வந்தவர்களை எழுப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. அது என்ன என்பது நெடுநாள் என் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

பழைய வீடென்றால் மனசு ஒட்டும், ஃபிளாட் என்றால் ஒட்டாது என்று ஒரே வரியில் இதை முடித்துவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை ஏற்கமாட்டேன். அம்பாசமுத்திரத்தில் நாங்கள் வளர்ந்த வீட்டில் அடுப்படி இருட்டு. மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஓதம் அடிக்கும். ஆண்கள் வந்தால் பெண்கள் பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். அதற்கெல்லாம் ஏங்குவதில் ஒரு நியாயமும் இல்லை. ஆனாலும் அந்த வீட்டு முன்கூடத்துக்கு வந்தவர்கள் சட்டென்று கிளம்பிப் போனதாக எனக்கு நினைவில்லை. பாக்கி கேட்க வந்தவர்கூடத் தூணில் சாய்ந்து, கேட்க வந்ததை மறந்து, மழை பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அங்கே அலங்காரம் என்று சொல்ல என்ன இருந்தது? சிவப்பு ஆக்சைடு தரை. கை பட்டுப் பட்டு வழவழத்துப்போன தூண். மூலையில் சுருட்டி நிறுத்திய பாய்கள். நிலைக்கு மேலே சாய்வாக மாட்டிய தாத்தா பாட்டி படங்கள். அவ்வளவுதான்.

வீட்டை இதமாக்குவது எப்படி என்று தேடினால் கிடைக்கும் யோசனைகள் பெரும்பாலும் குளிர்நாட்டிலிருந்து வருகின்றன. சோபா மேல் கம்பளி விரிப்பு, ரோமம் வைத்த குஷன், காலைப் புதைக்கும் கார்ப்பெட். நாலு மணிக்கே இருட்டிவிடும், வெளியே பனி பெய்யும் ஊரில் அதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறது. மே மாதச் சென்னையில் கம்பளி விரித்த சோபாவைப் பார்த்தாலே வியர்க்கிறது. தடித்த கார்ப்பெட் கடற்கரைக் காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. அந்த ஈரத்தில் தூசிப்பூச்சி பெருகுகிறது, வீட்டில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் முதலில் சுருட்டி வெளியே போடச் சொல்வது மருத்துவர்தான். நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறவர் தேடுவது குளிர்ச்சியை. வெயிலில் இருந்து வந்தவருக்குத் தரை குளிர்ந்திருக்க வேண்டும், கண் கூசாமல் இருக்க வேண்டும், ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டும். ஆகவே உடம்பு குளிரவும் மனசு ஒட்டவும் ஒரே நேரத்தில் என்ன செய்வது என்பதுதான் இங்கே கேள்வி. தம்பி மனைவி அந்த யோசனைகளில் சிலவற்றைச் செய்தும் பார்த்திருந்தாள். சோபாவில் வரிசையாக வைத்த வெல்வெட் குஷன்களை வந்தவர்கள் பத்திரமாக எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, மறுபடி விளிம்பிலேயே உட்கார்ந்தார்கள்.

"ஒரு பாய் இருந்தா போடேன்"

ஊரிலிருந்து அத்தை வந்திருந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. அப்பாவின் தங்கை. ஐந்தடிக்கும் குறைந்த உயரம். சோபாவில் உட்கார்ந்தார், எழுந்தார், இந்த ஓரம் நகர்ந்தார், அந்த ஓரம் நகர்ந்தார். பிறகு தம்பியைப் பார்த்து, "ஏ ஐயா, ஒரு பாய் இருந்தா எடுத்துப் போடேன். இதுல உக்காந்தா காலு தொங்குது" என்றார். அந்த வீட்டில் பாய் இல்லை. தம்பி மனைவி ஓடிப்போய்த் தன் யோகா மேட்டைக் கொண்டுவந்து விரித்தாள். அத்தை பால்கனிக் கதவுக்கும் சோபாவுக்கும் நடுவில் சுவரில் சாய்ந்து, காலை நீட்டிக்கொண்டு, வெற்றிலைப் பையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நானும் கீழே இறங்கினேன். தம்பி மகள் அத்தை மடியில் படுத்தாள். அப்புறம் தம்பி. அன்றைக்கு இரவு பதினொரு மணி வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

கீழே உட்கார்ந்தபோது அந்தக் கூடம் எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. முதலில் சோபா. கடையில் வாங்கும் பெரிய சோபாக்களின் இருக்கை ஆழம் 22, 24 அங்குலம் இருக்கிறது. ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு 17, 18 அங்குலம் போதும். அதற்கு மேல் ஆழமிருந்தால் முதுகைச் சாய்த்தால் கால் தரையில் படாது, காலைத் தரையில் ஊன்றினால் முதுகு சாயாது. நம் அம்மாக்களும் அத்தைகளும் விளிம்பில் உட்கார்வது கூச்சத்தால் என்று இத்தனை நாள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்தச் சோபா அவர்கள் உடம்புக்குச் செய்யப்பட்டதே இல்லை. அப்படியானால் குஷன் என்பது அழகுப் பொருள் இல்லை, அது முதுகுக்கும் பின்பலகைக்கும் நடுவில் உள்ள ஆறு அங்குல இடைவெளியை நிரப்ப வேண்டிய பொருள். வெல்வெட் குஷன்கள் அந்த வேலையைச் செய்யவில்லை. பளபளப்பாக இருந்ததால் சாய்ந்தால் கசங்கிவிடுமோ என்று பயந்து எடுத்து வைத்தார்கள், சாய்ந்தவர்களுக்கும் அது வழுக்கியது.

இலவம்பஞ்சு அடைத்து, முரட்டுப் பருத்தி உறை போட்டு, நல்ல பருமனாகச் சில குஷன்கள் தைக்கச் சொன்னேன். போடிநாயக்கனூர்ப் பக்கத்து இலவம்பஞ்சு இன்னும் கிடைக்கிறது. செயற்கைப் பஞ்சு அமுங்கினால் அமுங்கியதுதான். இலவம்பஞ்சைக் கட்டி தட்டும்போது வெயிலில் போட்டு உதறிவிட்டால் மறுபடி எழும்பும். உறைத்துணிக்குப் பவானி ஜமக்காளத்தையே வெட்டித் தைத்தோம். அந்தப் பட்டைப் பட்டையான சிவப்பும் பச்சையும் அழுக்கைப் பொறுத்துக்கொள்ளும் நிறங்கள், கல்யாண மண்டபங்களிலும் கூட்டங்களிலும் ஆயிரம் பேர் உட்கார்ந்து எழுந்தும் தாங்கும் நெசவு. அதன் மேல் சாயலாமா என்று யாரும் யோசிப்பதில்லை. எனக்கு மிக முக்கியமாகப் பட்டது இதுதான்: ஒரு பொருள் நம்மைத் தொடச் சொல்கிறதா, தள்ளி நின்று பார்க்கச் சொல்கிறதா என்பது வந்தவருக்கு ஒரு நொடியில் தெரிந்துவிடுகிறது.

பாய் வாங்குவதென்றால் எங்களுக்குப் பத்தமடைதான். அம்பாசமுத்திரத்திலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் இருக்கும் ஊர். தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்துக் கீறி, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, பருத்தி நூலோ பட்டு நூலோ பாவாக வைத்து அங்கே உள்ள லெப்பைக் குடும்பங்கள் நெய்கிற பாய். நயமான பட்டுப்பாய் துணியைப் போல மடியும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எனக்கு அது வருத்தமாக இருக்கிறது. பாயின் சிறப்பே அதில் படுத்தால் முதுகு வியர்க்காது என்பதில் இருக்கிறது. நடுத்தரமான ஒன்றை வாங்கிப் பால்கனிக் கதவோரம் நிரந்தரமாக விரித்தோம், பக்கத்தில் ஒரு சின்ன முக்காலி. முக்காலி கட்டாயம் வேண்டும். டம்ளரை வைக்க இடம் இல்லாதவர் சீக்கிரம் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பத்தான் பார்ப்பார். சோபாவின் இரண்டு கையோரத்திலும் அதே மாதிரி ஒன்றொன்று போட்டோம். அதில் தேவையானால் காலையும் தூக்கி வைக்கலாம்.

பளிச்சென்ற வெளிச்சம்

கீழே உட்கார்ந்தபோது என்னைத் தொந்தரவு செய்த இன்னொன்று வெளிச்சம். ஃபால்ஸ் சீலிங்கில் வரிசையாகப் பதித்த வட்ட விளக்குகள் எல்லாம் நேரே கண்ணில் விழுந்தன. பாயில் சாய்ந்து அண்ணாந்தால் போதும், கூசும். உச்சியிலிருந்து விழும் ஒளியில் எல்லோருடைய கண்ணுக்கடியிலும் கருநிழல். அத்தையின் முகம் நோயாளி முகமாகத் தெரிந்தது.

எல்இடி விளக்கின் அட்டைப்பெட்டியில் 6500 கே, 4000 கே, 2700 கே என்று ஓர் எண் போட்டிருக்கும், ஒளியின் நிற வெப்பநிலை அது. எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். எண்ணெய் விளக்கின் சுடர் ஏறக்குறைய 1900, பழைய குண்டு பல்பு 2700, நம் வீடுகளில் காலங்காலமாக எரிந்த டியூப்லைட்டும் இன்றைக்குப் பெரும்பாலான வீடுகளில் எரியும் எல்இடியும் 6500. அதாவது மேகமூட்டமான நண்பகலின் நிறத்தை இரவு பத்து மணிக்கும் கூடத்தில் வைத்திருக்கிறோம். தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சட்டென்று ஒப்புக்கொள்ளவில்லை. மஞ்சள் வெளிச்சம் என்றால் அவனுக்கு வோல்டேஜ் குறைந்த ஊர் வீடு, நாற்பது வாட் பல்பின் கீழே கண்ணைச் சுருக்கிப் படித்த பரீட்சைகள். எங்கள் தெருவில் முதன்முதலில் டியூப்லைட் போட்ட வீட்டை ஊரே நின்று பார்த்தது. பளிச்சென்ற வெளிச்சம் எங்கள் தலைமுறைக்கு முன்னேற்றத்தின் நிறம். வெக்கையான ஊரில் வெள்ளை ஒளி குளுமையாகவும் தோன்றும். இந்த இரண்டு காரணமும் உண்மையானவை. ஹோட்டல் மாதிரி மாற்று என்று ஒருவரை இதிலிருந்து பிடுங்கி எறிய எனக்கு உரிமையில்லை.

ஆகவே சமையலறையையும் மகளின் படிப்பு மேசையையும் தொடவில்லை. கத்தி பிடிக்கும் இடத்திலும் எழுத்து படிக்கும் இடத்திலும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும். கூடத்தில் மட்டும் இரண்டு விளக்குகளை ஆள் உயரத்துக்குக் கீழே கொண்டுவந்தோம். பிரம்புக் கூடு போட்ட ஒன்று சோபா ஓரத்தில், பருத்தித் துணிக்கூடு போட்ட சின்னது ஒன்று பாய்க்குப் பக்கத்து அலமாரியில். இரண்டும் 2700. எட்டு மணிக்கு மேல் சீலிங் விளக்குகளை அணைத்துவிட்டு இவற்றைப் போட்டால் வெளிச்சம் பக்கவாட்டில் இருந்து முகத்தில் விழுகிறது. நிழல் சுவரில் விழுகிறது, மூக்குக்கடியில் இல்லை. ஆனால் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது பிளக் பாயிண்டில். நம் ஊரில் பாயிண்டுகள் எல்லாம் கதவோரத்து சுவிட்ச் போர்டிலும் டிவிக்குப் பின்னாலும்தான் இருக்கும். சோபா ஓரத்தில் ஒரு ஐந்து ஆம்ப் பாயிண்ட் வைக்க எலக்ட்ரீஷியன்களுக்குத் தோன்றுவதே இல்லை, கேட்கவேண்டும் என்று வீட்டுக்காரர்களுக்கும் தெரிவதில்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், சுவரைப் பூசுவதற்கு முன் கூடத்தின் நான்கு மூலைக்கும் ஒவ்வொரு பாயிண்ட் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிற்பாடு வாங்கும் எந்த அலங்காரப் பொருளையும் விட அது மலிவு. தம்பி வீட்டில் தரையோரத்து ஸ்கர்டிங்கை ஒட்டி ஒரு மெல்லிய பிவிசி பட்டிக்குள் ஒயரை ஓட்டி, சுவர் நிறமே அடித்து மறைத்தோம்.

விளக்கேற்றும் நேரத்துக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கு ஒன்று தம்பி வீட்டில் இருந்தது, பூஜை அலமாரிக்குள். அதைக் கூடத்துக்குக் கொண்டுவரலாமா என்று கேட்டேன். தம்பி மனைவி, "சாமி விளக்கு அக்கா, அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள். சரிதான். எல்லாவற்றையும் அலங்காரமாக்கிவிடக் கூடாது.

மெத்தைகளை இரவல் வாங்கியவர்

அந்தக் கூடத்தில் பேசினால் குரல் திரும்பி வந்து மோதும். இருவர் பேசும்போது தெரியாது, ஆறேழு பேர் சேர்ந்தால் எல்லோரும் சத்தம் போட ஆரம்பிப்பார்கள், சீக்கிரம் களைத்துப்போவார்கள். டைல்ஸ் தரை, ஜிப்சம் கூரை, கண்ணாடிக் கதவு, லேமினேட் அலமாரி என்று எல்லாமே ஒலியைத் திருப்பி அடிக்கிற பரப்புகள். இதைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு வாலஸ் சபீன் நினைவுக்கு வருவார். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஒரு விரிவுரைக் கூடத்தில் பேசுவது யாருக்கும் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் சில நொடிகள் கூடத்துக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. 1895-இல் அதைச் சரிசெய்யும் பொறுப்பு இளம் இயற்பியல் ஆசிரியரான சபீனிடம் வந்தது. அவர் என்ன செய்தார் என்றால், பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரியில் தூக்கிவந்து அந்தக் கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, ஒலி அடங்க எத்தனை நொடி ஆகிறது என்று அளந்தார். விடியுமுன் மெத்தைகளைத் திருப்பிக் கொண்டுபோய்ப் போட வேண்டும். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறையே அந்த மெத்தைகளின் மேல்தான் எழும்பியது. 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கு அவருடைய கணக்கின்படி கட்டப்பட்டது. அவர் கண்ட இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மனித உடம்பு ஏறக்குறைய ஆறு இருக்கை மெத்தைகள் அளவுக்கு ஒலியை உறிஞ்சுகிறதாம். ஆட்கள் வந்து உட்கார்ந்தாலே கூடத்தின் சத்தம் தணிகிறது.

திரைச்சீலை இதில் பெரிய வேலை செய்யும். தம்பி வீட்டில் ஜன்னல் அளவுக்கே வெட்டிய ரோலர் பிளைண்ட் இருந்தது. அதை எடுத்துவிட்டு, கம்பியைக் கூரைக்குப் பக்கத்தில் ஏற்றி, தரை தொடும் அளவுக்குக் கனத்த கைத்தறிப் பருத்தியை மடிப்பு நிறையத் தொங்கவிட்டோம். ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி வேண்டும், அதில் கஞ்சத்தனம் பார்த்தால் மடிப்பு விழாது. மடிப்புதான் ஒலியைக் குடிக்கிறது. மேற்கு வெயிலையும் அது வடிகட்டிவிட்டது. இந்த ஒரு வேலையில் வந்த வித்தியாசம் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் என்று தம்பியே சொன்னான், அவனுக்குப் போனில் பேசுவது எளிதாகிவிட்டது.

கண்ணுக்கு நேரே

சுவர் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. அருங்காட்சியகங்களில் படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57, 60 அங்குலத்தில் வருமாறு மாட்டுவார்கள், நின்று பார்க்கிறவர்களுக்கான உயரம் அது. வீட்டுக் கூடத்தில் யார் நிற்கிறார்கள்? நாற்காலியில் இருப்பவரின் கண் சுமார் நான்கு அடியில் இருக்கும், பாயில் இருப்பவருக்கு இரண்டரை அடி. நம் பெரியவர்கள் படங்களை நிலைக்கு மேலே உயரத்தில் மாட்டினாலும் முன்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். கீழே உட்கார்ந்திருப்பவர் அண்ணாந்தால் தாத்தா முகம் கண்ணாடி மினுக்கம் இல்லாமல் நேரே தெரியும். அந்தச் சாய்வுக்குக் கீழே ஒரு கட்டை கொடுத்திருப்பார்கள். அது எவ்வளவு யோசித்துச் செய்த வேலை என்று இப்போது புரிகிறது. தம்பி வீட்டில் பெரிய அச்சுப் படம் ஒன்று சுவரின் உச்சியில் தனியாக இருந்தது. அதைக் கீழிறக்கிச் சோபாவின் பின்பலகைக்கு ஒரு சாண் மேலே வைத்தோம். பாய் விரித்த மூலையில் அப்பா அம்மா கல்யாணப் படத்தையும் மகள் வரைந்த யானையையும் தாழ்வாக மாட்டினோம். வந்தவர்களின் பேச்சு இப்போது பெரும்பாலும் அந்த யானையிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் அம்மாவின் தலைமுறை ஒயர் கூடை பின்னியது, குரோஷா ஊசியால் ரேடியோவுக்கும் டிவிக்கும் மேலுறை போட்டது, பாசிமணி கோத்து நிலையில் தொங்கவிட்டது. பிற்பாடு வந்த நாங்கள் அதையெல்லாம் பழசென்று கட்டிப் பரணில் போட்டோம். வேலை முடிந்த மத்தியானங்களில் அவர்கள் கை சும்மா இருக்காமல் செய்த பொருள்கள் அவை. வீட்டில் அவர்களுக்கென்று சொல்லிக்கொள்ள ஓர் அங்குல இடம் இருந்தது என்றால் அந்த டிவி உறையின் மேல்தான். அம்மா பின்னிய வெள்ளை உறை ஒன்றை நான் எடுத்துவந்து சின்ன விளக்கின் கீழே விரித்திருக்கிறேன். அதே காரணத்துக்காகத்தான் உருளியில் பூ மிதக்கவிடுவதும் எனக்குப் பிடிக்கும், தினமும் தண்ணீர் மாற்றுவதாக இருந்தால். பிளாஸ்டிக் பூவை மிதக்கவிடுவதற்கு உருளியைக் கவிழ்த்து வைத்துவிடலாம். காலையில் யாரோ ஒருவர் குனிந்து பூ எடுத்துப் போட்டிருக்கிறார் என்பதுதான் அதில் வந்தவரைத் தொடுவது.

சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்கும் விளக்கு விஷயத்தில் மட்டும் தம்பிக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. மேசையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில் ஒரு மஞ்சள் விளக்கு தொங்கினால் சாப்பிடுகிறவர்களின் வட்டம் தனியாகத் தெரியும், சாம்பாரின் நிறம் உயிரோடு இருக்கும். ஆனால் நம் ஊரில் அதே இடத்தில் சீலிங் ஃபேன் இருக்கிறது. ஃபேன் ஓடினால் தொங்குவிளக்கு ஆடும், நிழலெல்லாம் சுவரில் ஊஞ்சலாடும். விளக்கை ஃபேனுக்கு மேலே கூரையோடு வைத்தாலோ இறக்கைகள் ஒளியை வெட்டி வெட்டித் தலைவலி வரும். ஃபேனை நிறுத்திவிட்டுச் சென்னையில் சாப்பிட முடியாது. ஃபேனை ஓர் ஓரத்துக்கு நகர்த்தச் சொல்கிறேன் நான், கூரையை மறுபடி உடைக்க வேண்டும் என்கிறான் அவன். மேசையை ஒட்டிய சுவரில் கை நீட்டும் சுவர்விளக்கு ஒன்றைப் பொருத்தலாம் என்று தம்பி மனைவி சொல்கிறாள், அளவெடுத்தும் வைத்திருக்கிறாள். எலக்ட்ரீஷியன் வரும் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.